ஒரே சமன்பாடு, இத்தனை விளக்கங்கள் ஏன்?

எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இரண்டு பிளவுகள் வழியே அனுப்பினால், எதிரே உள்ள திரையில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு புள்ளியாகப் பதியும். ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு பார்த்தால், அந்தப் புள்ளிகள் சேர்ந்து, அலைகள் குறுக்கிடும்போது வரும் வரிவரியான கோலத்தைப் போட்டிருக்கும். 1926இல் ஷ்ரோடிங்கர் தந்த, குவாண்டம் இயற்பியலின் அடிப்படையான சமன்பாடு அந்த அலையைத் துல்லியமாகக் கணக்கிடுகிறது. ஆனால் அதன்படி அலை திரை முழுக்கப் பரவித்தான் கிடக்கும். அப்படியானால் புள்ளி எப்படி வந்தது?

அதே ஆண்டில் மேக்ஸ் பார்ன் ஒரு விதியைச் சேர்த்தார்: எலக்ட்ரான் ஓரிடத்தில் அகப்படும் நிகழ்தகவு, அங்குள்ள அலைவீச்சின் வர்க்கம். அந்த ‘வர்க்கம்’கூட, கட்டுரை அச்சுக்குப் போகும்போது சேர்த்த அடிக்குறிப்பில்தான் வந்தது! கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அளக்கும் வரை ஒரு விதி (அலை பரவும்), அளந்ததும் வேறொரு விதி (அலை ஒரே இடத்துக்குச் சுருங்கும்). அளப்பது என்றால் என்ன என்று எந்த விதியும் சொல்லவில்லை. அத்தனை சண்டையும் இங்கிருந்துதான் கிளம்பியது.

அளக்காதபோது எலக்ட்ரான் எங்கே இருந்தது என்று கேட்பதிலேயே பொருளில்லை என்பது நீல்ஸ் போர், ஹைசன்பர்க் தரப்பு. 1927இல் பிரஸ்ஸல்ஸில் இயற்பியலாளர்கள் கூடிய சால்வே மாநாட்டில் டி ப்ராய் வேறொன்றைச் சொன்னார்: துகளும் உண்டு, அலையும் உண்டு, அலை துகளுக்கு வழிகாட்டுகிறது. பவுலி மடக்கிக் கேள்வி கேட்டார். சீக்கிரமே டி ப்ராய் அதைக் கைவிட்டார். அப்புறம் 1932இல் வான் நாய்மன் தந்த கணித நிறுவல், துகளின் இடம் போல, அலையில் அடங்காமல் ஒளிந்திருக்கும் ‘மறைந்த மாறிகளுக்கு’ இடமே இல்லை என்று பலரையும் நம்பவைத்தது. அந்த நிறுவலில் ஓட்டை இருப்பதை கிரேட்டே ஹெர்மன் 1935இலேயே எழுதிவிட்டார். கிட்டத்தட்ட யாருமே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு இது இன்னும் ஆறவில்லை. முடியாது என்று சொல்லப்பட்டதை, அலை துகளுக்கு வழிகாட்டும் கோட்பாட்டை, 1952இல் டேவிட் போம் செய்தே காட்டினார். நிறுவலின் ஓட்டையை ஜான் பெல் மறுபடி சுட்டிக்காட்டிய கட்டுரை வெளிவர 1966 ஆனது.

இடையில் 1957இல் ஹ்யூ எவரெட், அளவீட்டுக்கென்று தனி விதியே வேண்டாம் என்றார். அலை சுருங்குவதில்லை, எல்லா விளைவுகளும் உலகின் தனித்தனிக் கிளைகளில் நடக்கின்றன.

போர் தரப்பு, போம், எவரெட் என இந்த மூன்று விளக்கங்களும் திரையில் ஒரே கோலத்தைத்தான் கணிக்கின்றன. சோதனை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. 1986இல் கிரார்டி, ரிமினி, வெபர் சமன்பாட்டிலேயே கைவைத்தார்கள்: அலை தானாகச் சுருங்கும், ஒற்றைத் துகளுக்குச் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை, கோடானுகோடி துகள்கள் சேர்ந்த பொருளுக்கு நொடிப்பொழுதில். இவ்வகைக் கோட்பாடுகள் சரியென்றால் மின்னூட்டத் துகள்கள் மிக மங்கலான எக்ஸ் கதிர்களை உமிழ வேண்டும். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் அதைத் தேடியும் இதுவரை சிக்கவில்லை. ஆனால் அப்படிச் சிக்காத ஒவ்வொரு முறையும், அலை எவ்வளவு அடிக்கடி சுருங்கும் என்பது போன்ற தங்கள் எண்களை அக்கோட்பாடுகள் வைத்துக்கொள்ள இருக்கும் இடம் குறைகிறது.