பெயரடைக்கு வால் உண்டு

நான் ஆங்கிலம் கற்பிக்கிறவன். வேலை விண்ணப்பங்களும் அலுவலகக் கடிதங்களும் திருத்தத்துக்கு என்னிடம் வரும். வினைச்சொல்லின் காலம் பிசகினால் படிப்பவர் பெரும்பாலும் புரிந்துகொண்டு கடந்துவிடுவார். பெயரடைத் தொடர், அதாவது 'அட்ஜெக்டிவ் ஃப்ரேஸ்', பிசகினால் பொருளே மாறிவிடும். 'ஐ ஆம் இன்ட்ரெஸ்டட் இன் திஸ் ஜாப்' என்றால் இந்த வேலையில் எனக்கு ஆர்வம் உண்டு என்று பொருள். 'இன்ட்ரெஸ்டட்' இருக்க வேண்டிய இடத்தில் 'இன்ட்ரெஸ்டிங்' வந்தால், நான் சுவாரசியமான ஆள் என்று தன்னைத்தானே புகழ்ந்துகொள்வதாகிவிடும். 'ஐ ஆம் போர்ட்' என்பவருக்குச் சலிப்பு. 'ஐ ஆம் போரிங்' என்பவரோ மற்றவர்களைச் சலிப்படைய வைப்பவர்.

பெயரடையைத் தலையாகக் கொண்டு, முன்னாலோ பின்னாலோ சில சொற்களைச் சேர்த்துக்கொண்டு வருவது பெயரடைத் தொடர். 'வெரி ஹேப்பி' ஒன்று, 'அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்' இன்னொன்று. பழைய பள்ளி இலக்கணங்கள் 'தி பாய் இன் தி ப்ளூ ஷர்ட்' என்பதில் வரும் 'இன் தி ப்ளூ ஷர்ட்' போன்றவற்றையும் இந்தப் பெயரிலேயே சொல்லும். இரண்டு புத்தகங்களில் இரண்டு விளக்கம் இருந்தால் குழம்ப வேண்டாம்.

தமிழ் பேசுகிற நமக்கு உண்மையான சிக்கல் இடத்தில்தான் இருக்கிறது. 'புத்தகங்கள் நிறைந்த பை', 'நாய்க்குப் பயப்படும் பையன்' என்று எவ்வளவு நீளமான அடையையும் பெயருக்கு முன்னால் வைத்தே நமக்குப் பழக்கம். ஆங்கிலத்தில் 'எ வெரி ஹெவி பேக்' சரி, ஏனென்றால் 'ஹெவி'க்குப் பின்னால் வால், அதாவது அதைத் தொடர்ந்து வரும் சொற்கள், இல்லை. வால் முளைத்துவிட்டால் தொடர் முழுவதும் பெயருக்குப் பின்னால் போகும்: 'எ பேக் ஃபுல் ஆஃப் புக்ஸ்', 'எ பாய் அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்'. சில பெயரடைகள் தலையை முன்னால் விட்டு வாலை மட்டும் பின்னுக்கு அனுப்பும். 'எ டிஃபிகல்ட் புக் டு ரீட்', 'எ டிஃபரென்ட் பிளான் ஃப்ரம் யுவர்ஸ்' இரண்டும் அந்த வகை. வாலே இல்லாவிட்டாலும் 'அஸ்லீப்', 'அஃப்ரெய்ட்', 'அலைவ்' போன்றவை பொதுவாகப் பெயருக்கு முன்னால் வருவதில்லை. 'தி சைல்ட் இஸ் அஸ்லீப்' என்போம். முன்னால் வைத்தே தீர வேண்டுமென்றால் 'தி ஸ்லீப்பிங் சைல்ட்'.

வாலின் முதல் சொல்லை மனப்பாடம் செய்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. 'குட் அட் மேத்ஸ்', 'ப்ரவுட் ஆஃப் ஹெர் சன்', 'ரெஸ்பான்சிபிள் ஃபார் சேல்ஸ்' என்று தொடராகவே நோட்டில் எழுதச் சொல்வேன், பெயரடையைத் தனியாக எழுத விடமாட்டேன். யாரை மணந்தார் என்று சொல்ல 'மேரீட் டு' வேண்டும். 'மேரீட் வித் டூ சில்ட்ரன்' என்றால் திருமணமானவர், இரண்டு குழந்தைகள் உண்டு என்றுதான் பொருள். 'ஆஃப்', 'அட்' போன்றவற்றுக்குப் பின் வினை வந்தால் 'இங்' சேரும்: 'டயர்ட் ஆஃப் வெயிட்டிங்'.

'லுக்', 'ஸ்மெல்', 'டேஸ்ட்' போன்ற வினைகள் எழுவாயின் தன்மையைச் சொல்லும்போது பெயரடைத் தொடரையே கேட்கும். 'ஷீ லுக்ஸ் வெரி ஹேப்பி' சரி, 'ஹேப்பிலி' தவறு.

'மிகவும்' என்று நினைக்கும் இடத்திலெல்லாம், அளவுக்கு மீறியதைக் குறிக்கும் 'டூ'வைப் போடுகிறோம். 'வெரி ஹாட்' என்றால் நல்ல சூடு. 'டூ ஹாட் டு ட்ரிங்க்' என்றால் குடிக்கவே முடியாத சூடு. 'யூ ஆர் டூ கைண்ட்' போன்ற உபசார வார்த்தைகள் தனி. வாடிக்கையாளருக்கு 'அவர் பிராடக்ட் இஸ் டூ ஸ்ட்ராங்' என்று எழுதினால், எங்கள் தயாரிப்பு உறுதியானது என்று நீங்கள் சொல்ல வந்ததை அளவுக்கு மீறிப்போன குறையாக அவர் படிப்பார். 'வெரி ஸ்ட்ராங்' என்று எழுதுங்கள். தேவைக்குப் போதும் என்று சொல்ல வேண்டுமா, 'ஸ்ட்ராங் இனஃப்'. 'இனஃப்' பெயரடைக்குப் பின்னால்தான் வரும்.