திறப்பைக் காருக்குள்ளேயே வைத்துவிட்டால் பூட்டு எதற்கு?

கச்சான் காற்று தொடங்கிவிட்டால், மட்டக்களப்பில் பகல் பதினொரு மணிக்குப் பிறகு வெயிலில் நிற்கும் காரின் கதவைத் திறக்கவே மனம் வராது. தென்மேல் பருவத்தில் மலைநாட்டின் மறுபக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் போய், சுடச்சுட எங்கள் பக்கம் இறங்கும் காற்று அது. வெளியே 35 பாகை என்றால், கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 55 பாகையைத் தொட்டுவிடும்.

என் மச்சான் மாதம் ஒருமுறை மாமியைக் களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் கூட்டிவருவார். வரிசையில் நின்று மருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் கார் அடுப்பு மாதிரி நிற்கும். மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. இதைக் கேள்விப்பட்ட மச்சாள் ரொறொன்ரோவிலிருந்து, தூரத்தில் நின்றே எஞ்சினை ஸ்டார்ட் செய்ய உதவும் ஒரு ரிமோட் ஸ்டார்ட் செட்டைப் பார்சலில் போட்டு அனுப்பினார். அங்கே பனிக்காலத்தில் காரைச் சூடாக்கப் பொருத்துவார்கள். இங்கே அதே பெட்டி ஏசியைப் போட்டுக் காரைக் குளிராக்கும். மச்சானும் நானுமாக அதை நாங்களே பொருத்துவது என்று முடிவெடுத்தோம்.

ரிமோட் ஸ்டார்ட் பெட்டி செய்யும் வேலை உண்மையில் எளிது. நாம் திறப்பைத் திருப்பும்போது இக்னிஷன் சுவிச் சில வயர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றரியுடன் சேர்க்கிறது. முதலில் ரேடியோ போன்றவற்றுக்கான வயர், அப்புறம் எஞ்சினின் கணினிக்கும் பெற்றோல் பம்பிக்கும் போகும் வயர், கடைசியில் ஸ்டார்ட்டர் மோட்டர். பெட்டிக்குள் இருக்கும் ரிலேக்கள், அதாவது மின்னால் இயங்கும் சுவிச்சுகள், அதே வயர்களை அதே ஒழுங்கில் சேர்க்கின்றன. பழைய கார் என்றால் அவ்வளவுதான். எங்கள் கார் டொயோட்டா, திறப்புப் போட்டுத் திருப்பும் ரகம், ஓட்டோ கியர். வயர்களைச் சேர்த்து ரிமோட்டை அழுத்தினோம். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. எஞ்சின் பற்றவே இல்லை. டாஷ்போர்டில் ஒரு சிவப்பு லைட் மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அந்த லைட்டுக்குப் பின்னால் இருப்பதுதான் இம்மொபிலைசர், சரியான திறப்பு இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத மின் பூட்டு. திறப்பின் கறுப்புப் பிளாஸ்டிக் தலையைப் பிளந்து பார்த்தால், புளியங்கொட்டை அளவில் ஒரு சிறு கட்டி இருக்கும். அதற்குள் ஒரு செப்புச் சுருள், மின்னைச் சேர்த்துவைக்கும் ஒரு கொள்ளளவி, ஒரு சிப். பற்றரி கிடையாது. திறப்பு நுழையும் துவாரத்தைச் சுற்றிக் காரின் பக்கத்திலும் ஒரு செப்புச் சுருள் இருக்கிறது. திறப்பைத் திருப்பியதும் அந்தச் சுருளில் செக்கனுக்கு ஒரு இலட்சத்துக்கும் அதிகமான தடவை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் சிப்புகளில் அதன் மீடிறன் 134.2 கிலோஹேர்ட்ஸ், வேறு பல சிப்புகளில் 125 கிலோஹேர்ட்ஸ். மாறும் காந்தப்புலம் பக்கத்துச் சுருளில் மின்னைத் தூண்டும் என்று உயர்தரப் பௌதிகவியலில் படித்த அதே விதிதான். சித்திரைக்குக் கட்டும் ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஒத்துத் தள்ளினால், சின்னத் தள்ளல்களே அதை உயரத்துக்குக் கொண்டுபோகும் அல்லவா? சிப்பின் சுருளும் கொள்ளளவியும் சேர்ந்து அதே மீடிறனில் ஆடும்படி அமைந்திருக்கின்றன. இந்தப் பரிவினால்தான் அவ்வளவு சிறிய சுருளுக்குள் சிப் விழித்தெழப் போதிய மின் சேருகிறது. டெக்சாஸ் ரகச் சிப், கார் ஏறத்தாழ 50 மில்லிசெக்கன் மின் ஊட்டி நிறுத்தியதும், சேர்த்துவைத்த அந்தத் துளி மின்னிலேயே தன் பதிலைச் சொல்லி முடிக்கிறது.

இந்த உரையாடல் சில சென்ரிமீற்றருக்குள் மட்டும் நடப்பதற்கும் காரணம் இருக்கிறது. சிறிய சுருளின் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒன்றாகிவிடும். திறப்பு சட்டைப் பையில் கிடந்தால் காருக்கு அது இல்லாதது போலத்தான்.

ஆரம்பகாலச் சிப்புகள் எப்போதும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். டொயோட்டாவில் 4சி என்று திறப்பு வெட்டுபவர்கள் சொல்வது அந்த ரகம். ஒருமுறை கேட்டுவிட்டால் எவராலும் திருப்பிச் சொல்ல முடியும். அதனால் அடுத்து வந்த 4டி ரகத்தில், கார் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு எண்ணைக் கொடுத்து, "உன் இரகசியத்தைக் கொண்டு இதைக் கணக்கிட்டுச் சொல்" என்று கேட்கிறது. கேள்வியையும் பதிலையும் ஒருவர் ஒட்டுக்கேட்டாலும் நாளைக்கு அது உதவாது. அந்த இரகசியம் 40 பிட், அதாவது 0, 1 என்ற 40 இலக்கங்களின் நீளம். சாத்தியமான எண்கள் ஏறத்தாழ ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் கோடி. இது போதும் என்றுதான் நினைத்தார்கள். 2005இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் ஆர்எஸ்ஏ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வகத்தாரும் அதை உடைத்துக் காட்டினார்கள். பிறகு வந்த டொயோட்டாச் சிப்புகளில் இரகசியம் 80 பிட், 128 பிட் என்று நீண்டது.

ஒருநாள் பின்னேரம் மாமி தேத்தண்ணியோடு வந்து, கழற்றிப் போட்டிருந்த டாஷ்போர்டைப் பார்த்துவிட்டு விசாரித்தார். இன்னொரு சிப்பைக் காருக்குள் ஒளித்துவைக்கப் போகிறோம் என்றோம். "திறப்ப காருக்குள்ளயே வெச்சிட்டா, மறுகா பூட்டு என்னத்துக்கு மனே?" என்றார்.

இம்மொபிலைசரைத் தாண்டும் கருவி, அதாவது பைபாஸ், ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது என்பேன். விலையும் வேலையும் அதற்குப் பிறகுதான். இரகசியம் எங்கே இருக்கிறது, அது எப்போது வாய் திறக்க முடியும் என்ற இரண்டையும் வைத்துத்தான் நான் ஒவ்வொரு முறையையும் எடைபோடுகிறேன்.

அதற்கும் முன்னால், உங்கள் காரில் இம்மொபிலைசர் இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவில் 1998இலிருந்தும் கனடாவில் 2007 செப்டெம்பரிலிருந்தும் புதிய கார்களுக்கு அது கட்டாயம். யப்பானில் அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. அங்கிருந்து ரீகண்டிஷனாக இங்கே வந்த பல சிறிய கார்களில் சிப்பே கிடையாது. வீணாகப் பைபாஸ் வாங்க வேண்டாம். சோதிப்பது எளிது. கேக் சுற்றும் அலுமினியத் தாளைத் திறப்பின் தலையில் இரண்டு மூன்று மடிப்பாக இறுக்கிச் சுற்றுங்கள். இரும்புப் பகுதி வெளியே இருக்கட்டும். இப்போது திறப்பைப் போட்டுத் திருப்புங்கள். காந்தப்புலம் தாளில் ஓட்டத்தைத் தூண்டி, அந்த ஓட்டம் புலத்தை எதிர்த்துத் தடுத்துவிடுவதால், சிப்புக்கு எதுவும் போய்ச்சேராது. எஞ்சின் பற்றாமல் சுற்றினாலோ, பற்றி இரண்டு செக்கனில் நின்றாலோ இம்மொபிலைசர் இருக்கிறது. வழமைபோல் ஓடினால் இல்லை.

இருந்தால், எங்களைப் போலத் திறப்புத் திருப்பும் கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது வயர் வளைய முறையைத்தான். காருக்குப் பழக்கிய, அதாவது காரின் கணினி தனதென்று ஏற்கும்படி பதிந்த, இன்னொரு சிப்பை எடுத்து அதன்மேல் மெல்லிய வயரைச் சுற்றுகிறோம். அந்த வயரையே கொண்டுபோய்த் திறப்புத் துவாரத்தின் வளையத்தின் மேலும் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றுகிறோம். இரண்டு நுனிகளும் ஒரு ரிலேயின் ஊடாகச் சேர்கின்றன. ரிலே மூடியதும், காரின் சுருளில் எழும் புலம் நம் வயரில் ஓட்டத்தைத் தூண்டும்; அந்த ஓட்டம் மறுமுனையில் சிப்பைச் சுற்றி அதே புலத்தை எழுப்பும். சிப்பின் பதிலும் அதே வழியாகத் திரும்பி வரும். ஒரு கை நீளத்துக்கு அப்பால் இருக்கும் சிப் துவாரத்துக்குள் இருப்பதுபோல் காருக்குத் தெரிகிறது. இங்கே எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. கார் கேட்ட கணக்குக்குச் சரியான விடையைச் சொல்வது உண்மையான சிப்தான். அதனால் இரகசியம் 40 பிட்டா 128 பிட்டா என்பது இந்த முறைக்குப் பொருட்டே இல்லை.

ரிலே திறந்தால் வயர் அறுந்த மாதிரி. ஓட்டம் ஓடாது, சிப் ஊமையாகிவிடும். ஆகவே ரிமோட்டில் ஸ்டார்ட் ஆகி ஓடும் நேரத்தில் மட்டும் மின் கொடுக்கும் வயருடன்தான் அந்த ரிலேயைச் சேர்க்க வேண்டும். வேலை சுருக்கம் என்று நிரந்தரமாக மூடி வைத்தால் மாமி சொன்னதுதான் நடக்கும். அதோடு, உங்கள் சொந்தத் திறப்பைப் போடும்போது இரண்டு சிப்புகளும் ஒரே நேரத்தில் பேசி, காருக்கு ஒன்றும் விளங்காமல் போகலாம்.

எங்களுக்கு முதல் தடவை இதுவும் வேலை செய்யவில்லை. வயரைச் சரிபார்த்தோம், ரிலே டிக் என்று மூடுவதும் கேட்டது. கடைசியில்தான் கண்டுபிடித்தேன்: சிப்பை டாஷ்போர்டுக்குள் ஓடும் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து டேப் ஒட்டியிருந்தேன். மாறும் காந்தப்புலம் பக்கத்தில் இருக்கும் இரும்புக்குள்ளும் ஓட்டங்களைச் சுழலவிட்டுச் சக்தியைத் தின்றுவிடுகிறது; சிப்பின் பரிவு மீடிறனும் நகர்ந்துவிடுகிறது. ஒரு சாண் தள்ளிப் பிளாஸ்டிக்கில் ஒட்டியதும் எஞ்சின் முதல் சுற்றிலேயே பற்றியது. அந்தச் சத்தம் கேட்டு மச்சான் என் முதுகில் அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டு விஷயத்தில் கவனம். ஒளித்துவைப்பது சிப்பை மட்டும், திறப்பை முழுதாக அல்ல. இரும்புப் பகுதி இல்லாவிட்டால், சிப்பைக் கண்டெடுத்தவனுக்கும் இக்னிஷனைத் திருப்பவோ ஸ்டியரிங் பூட்டை விடுவிக்கவோ முடியாது. அடுத்தது, வீட்டில் இருக்கும் ஒரே மேலதிகத் திறப்பை இதற்குப் பலி கொடுக்காதீர்கள். மூன்றாவது சிப் ஒன்றைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த ரகம் டேட்டா பைபாஸ். ஃபோர்ட்டின், ஐடேட்டாலிங்க் போன்ற கனடா நிறுவனங்கள் செய்பவை இந்த வகை. காரின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் வயரில் சேர்ந்து, உங்கள் திறப்போடு நடக்கும் உரையாடலைக் கற்று, தேவைப்படும்போது திறப்பின் இடத்திலிருந்து தானே பதில் சொல்லும். சிப் ஒன்றை ஒளித்துவைக்கத் தேவையில்லை, கதவுப் பூட்டு போன்றவற்றையும் சேர்த்துக் கவனிக்கும். நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் அதன் மென்பொருள் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் வட அமெரிக்காவில் விற்ற மொடல்களுக்கு. பெயர் ஒன்றாக இருந்தாலும் யப்பான் உள்நாட்டுச் சந்தைக் காரின் வயரிங்கும் கணினியும் வேறாக இருக்கலாம். கனடாவில் ஓடும் கொரொல்லாவுக்குப் பொருந்தியது கல்முனையில் ஓடும் யப்பான் கொரொல்லாவான அக்ஸியோவுக்குப் பொருந்தும் என்று நம்பிப் பணம் போட வேண்டாம். செட்டோடு மச்சாள் அனுப்பிய டேட்டா பைபாஸ் பெட்டியை நாங்கள் ஒதுக்கி வைத்ததும் இதனால்தான்.

பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில் கதை கொஞ்சம் வேறு. காருக்குள் இருக்கும் அன்டெனாக்கள் தாழ்ந்த மீடிறனில் கூப்பிட, திறப்பு தன் சொந்தப் பற்றரியின் பலத்தில் உயர்ந்த மீடிறனில் பதில் சொல்லும். யப்பான் கார்களில் இந்த உயர்ந்த மீடிறன் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸை ஒட்டியது. அந்தத் திறப்பைப் பற்றரியோடு காருக்குள் விட்டால் அது எப்போதும் பேசத் தயாராக இருக்கும். யாரும் கதவைத் திறந்து பட்டனை அழுத்தலாம். அதனால் பற்றரியைக் கழற்றிவிட்டு, ரிமோட் ஸ்டார்ட் ஓடும்போது மட்டும் 3 வோல்ட் கிடைக்கும்படி செய்ய வேண்டும். எங்கள் வெயிலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: சிஆர்2032 போன்ற காசுப் பற்றரிகள் பொதுவாக 60 பாகை வரைக்கும்தான், டாஷ்போர்டு அதைச் சாதாரணமாகத் தாண்டும். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்களில் வழமையான ஸ்டார்ட்டர் மோட்டரே கிடையாது, சாதாரணச் செட்டை வாங்கிவிடாதீர்கள்.

சில இடங்களில் எஞ்சின் கணினியைத் திறந்து இம்மொபிலைசரையே அழித்துத் தருவார்கள். பைபாஸே தேவைப்படாது என்பார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். அமெரிக்காவில் இம்மொபிலைசர் இல்லாமல் விற்கப்பட்ட கியா, ஹியுண்டாய் கார்கள் 2021, 2022இல் சமூக ஊடக வீடியோக்களைப் பார்த்த பையன்களாலேயே கூட்டங்கூட்டமாகத் திருடப்பட்டன. அந்தப் புளியங்கொட்டைச் சிப் இத்தனை வருடம் சத்தமில்லாமல் எதைத் தடுத்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

பைபாஸைவிட உயிருக்குப் பெரிய விஷயங்கள் சில உண்டு. கையால் கியர் மாற்றும் காருக்கு இதைப் பொருத்தாதீர்கள். கியரில் விட்டிருந்தால் ஸ்டார்ட்டரே காரை முன்னால் தள்ளிவிடும், முன்னால் பிள்ளை நிற்கலாம். போனட் திறந்திருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிச்சை விட்டுவிடாதீர்கள். பிரேக்கை மிதித்ததும் எஞ்சின் நிற்கும் வயரையும் கட்டாயம் சேருங்கள். மஞ்சள் உறையில் ஓடும் வயர்கள் எயார்பேக்குக்கு உரியவை, அவற்றில் கை வைக்கவே வேண்டாம். நம் வீடுகளில் கார் நிற்கும் போர்ட்டிகோவுக்குப் பக்கத்திலேயே படுக்கையறை ஜன்னல் இருக்கும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பத்து நிமிடத்தில் தானாக நிற்கும்படி நேரத்தை அமையுங்கள். மூடிய கராஜுக்குள் ரிமோட்டைத் தொடவே வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் அலுமினியத் தாளை மறுபடி எடுங்கள். ரிமோட் ஸ்டார்ட் ஓடாத நேரத்தில், தலையில் தாளைச் சுற்றிய திறப்பைப் போட்டுத் திருப்புங்கள். எஞ்சின் பற்றினால் ரிலே எங்கேயோ நிரந்தரமாக மூடிக் கிடக்கிறது. டாஷ்போர்டைத் திரும்பக் கழற்றுங்கள். எங்கள் காரில் எஞ்சின் பற்றாமல் வெறுமனே சுற்றியது, சிவப்பு லைட் சிமிட்டியது. மாமியைக் கூப்பிட்டு அதைக் காட்டினோம். அப்புறம் திறப்பை எடுத்துவிட்டு, அவர் கையிலேயே ரிமோட்டைக் கொடுத்தோம்.