லோ-கோட்: குறைநிரலா, குறுநிரலா?

மொரீஷியஸ் அலுவலகங்களில் எக்செல் தாளில் கிடக்கும் விடுப்புக் கணக்கைச் செயலியாக மாற்றலாமா என்ற பேச்சு எழுந்தால், 'லோ-கோட்' என்ற சொல்லும் கூடவே வந்துவிடும். திரையில் கட்டங்களை இழுத்து வைத்தே பெரும்பகுதியைக் கட்டிவிட்டு, அது எட்டாத இடத்தில் மட்டும் நிரல் எழுதும் முறை இது.

விடுப்பு விண்ணப்பத்தில் அடையாள அட்டை எண்ணுக்கு ஒரு கட்டம் வைக்கிறீர்கள். நம் எண்ணில் 14 குறிகள்: முதலில் குடும்பப் பெயரின் எழுத்து, அடுத்த ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. 'எண்' வகைக் கட்டம் அந்த முதலெழுத்தை ஏற்காது. 'உரை' வகை வேண்டும். இதுவரை மவுஸ் போதும். அந்த ஆறு இலக்கங்களிலிருந்து பிறந்த தேதி தானாக நிரம்ப வேண்டுமென்றால் ஒரு வரிச் சூத்திரம் எழுதியாக வேண்டும். 'லோ' என்பது அந்த ஒரு வரி. அதுவும் தேவையில்லை என்பது 'நோ-கோட்'. விற்பவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள், நம்பிவிடக் கூடாது.

ஃபாரெஸ்டர் ஆய்வு நிறுவனம் 2014-இல் வைத்த பெயர் இது. சரக்கு பழையது. 1990-களில் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் படிவம் கட்டிய கணக்கர்கள் செய்ததும் இதே வேலைதான். ஸோஹோ கிரியேட்டர் என்ற லோ-கோட் தளம் 2006-இலேயே வந்துவிட்டது.

'கோட்' லத்தீன் 'கோடெக்ஸ்' வழி வந்தது. முதலில் மரத்தண்டு, பிறகு எழுதுபலகைக் கட்டு, நூல், சட்டத் தொகுப்பு என்று பொருள் வளர்ந்தது. (தமிழில் 'கோடு' மரக்கிளையையும் குறிக்கும், உறவு ஏதுமில்லை, ஒலி ஒற்றுமைதான்.) 1804-ஆம் ஆண்டின் நெப்போலியன் சட்டத்திலிருந்து வந்த 'கோட் சிவில்' என்ற குடிமைச் சட்டத் தொகுப்பு இத்தீவில் இன்றும் நடைமுறையில் இருப்பதால், இங்கே வக்கீலின் கோட் வேறு, கணினிக்காரரின் கோட் வேறு.

தமிழில் நிரல் என்றால் வரிசை. தொல்காப்பியத்தில் 'நிரனிறை' (சொற்களை வரிசையாக நிறுத்திப் பொருள் கொள்ளும் முறை) இருக்கிறது. 'நிகழ்ச்சி நிரல்' அன்றாட வழக்கு. கட்டளைகளின் அடுக்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. சிக்கல் முன்னொட்டில். 'குறைநிரல்' என்றால் குறைப்பிரசவம், குறைகுடம் வரிசையில் சேர்ந்து, பழுதான நிரல் என்றே காதில் விழுகிறது. குறுநாவல், குறுங்கதை போலக் 'குறுநிரல்' என்பதே என் தேர்வு. நோ-கோட் 'நிரலிலா' ஆகட்டும். பிளாட்ஃபார்முக்குத் 'தளம்' நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டியதில்லை.

எந்தக் குறுநிரல் தளம் என்பதற்கு விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். வெளியேறும் வழியைப் பாருங்கள். கூகுள் தன் ஆப் மேக்கரை 2021-இல் மூடியது. அமேசானின் ஹனிகோட் 2024-இல் மூடப்பட்டது. தரவைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஒப்புதல் விதிகளும் சூத்திரங்களும் பெரும்பாலும் கூட வருவதில்லை. அடுத்தது கட்டணம்: மாதம் ஒருமுறை விடுப்பு கேட்கும் தொழிலாளிக்கும் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் தளம், ஆள் அதிகமுள்ள ஆலைக்குக் கட்டுப்படியாகாது. ஊழியர் விவரங்கள் வெளிநாட்டு சர்வருக்குப் போகுமென்றால் 2017-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நிபந்தனைகள் உண்டு. அந்தத் தலைவலி வேண்டாதவர்கள் ஆப்ஸ்மித், படிபேஸ் (Budibase) போன்ற குறுநிரல் தளங்களைத் தங்கள் சர்வரிலேயே நிறுவலாம். ஆனால் அந்த சர்வரைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். ஐந்து பேர் மட்டுமே வேலை பார்க்கும் கடையா? எக்செல் தாளே போதும்.