கென்யத் தேர்தல்: எண்ணி முடித்தபின் படிவம் 34ஏ-வைப் பாருங்கள்

கென்யாவில் வாக்குப் பதிவான அறையிலேயே எண்ணிக்கையும் நடக்கிறது. மாலை 5 மணிக்கு வரிசையில் நிற்கும் கடைசி ஆள்வரை வாக்களித்ததும் அந்தப் பள்ளி வகுப்பறை எண்ணும் இடமாகிவிடும். பகல் முழுக்க வரிசையைப் பார்த்துவிட்டு, இருட்டியதும் கிளம்பும் தேர்தல் பார்வையாளர்கள் உண்டு. அது பெரிய தவறு. முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான். பதிவு முடிவதற்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்துவிடுங்கள்.

ஒரே நாளில் ஆறு பதவிகளுக்குத் தேர்தல் என்பதால் ஆறு பெட்டிகள், மூடிக்கு ஒரு நிறம். குடியரசுத் தலைவருக்கான வெள்ளை மூடிப் பெட்டியைத்தான் முதலில் திறப்பார்கள். அதன் முத்திரை எண்கள் காலையில் நீங்கள் குறித்தவைதானா என்று அப்போதே சரிபாருங்கள். பெட்டியைக் கவிழ்த்தபின் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. அலுவலர் சீட்டைப் பிரித்து, தூக்கிக் காட்டி, பெயரை வாசிப்பார். காதால் கேட்டால் போதாது. சீட்டின் குறியிட்ட பக்கம் தெரியும் இடத்தில் நில்லுங்கள்.

அடிக்கடி குழம்புவது இரண்டு சொற்களில். பெட்டிக்குள் இருந்து எடுத்து, இருவருக்குக் குறியிட்டிருந்தாலோ குறியே இல்லாவிட்டாலோ ஒதுக்கப்படுவது செல்லாத வாக்கு. வாக்காளர் தவறாகக் குறியிட்டு, திருப்பிக் கொடுத்து, வேறு சீட்டு வாங்கிக்கொண்டால் அது கெட்டுப்போன சீட்டு. அது பெட்டிக்குள் போகவே இல்லை. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் கூட்டுத்தொகை உதைக்கும்.

உதாரணமாக, கைரேகைக் கருவி 512 பேரை அடையாளம் கண்டிருக்கிறது. கெட்டுப்போன சீட்டு ஒன்று. அப்படியானால் கொடுத்த சீட்டு 513, பெட்டியில் இருக்க வேண்டியது 512. எண்ணியதில் செல்லுபடியானவை 498, செல்லாதவை 9, ஆக 507. மீதி 5 எங்கே? உடனே மோசடி என்று எழுதிவிடாதீர்கள். நிறம் மாறி வேறு பெட்டியில் விழுந்திருக்கலாம். மற்ற ஐந்து பெட்டிகளைத் திறக்கும்வரை காத்திருந்து, அங்கே கிடைத்தவற்றை அலுவலர் எப்படிக் கையாண்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 512-ஐவிடக் கூடுதலாக இருந்தால்தான் விஷயம் கடுமையானது. ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 700 வாக்காளர்கள்தான் என்பதால் இந்தக் கணக்கைக் கைக்குறிப்பிலேயே போட்டுவிடலாம்.

மறு எண்ணிக்கை கேட்கும் உரிமை வேட்பாளருக்கும் அவருடைய முகவருக்கும் உண்டு, அதுவும் இரண்டு முறைக்கு மேல் இல்லை. பார்வையாளர் கேட்க முடியாது, சீட்டைத் தொடவும் கூடாது. தவறு கண்ணில் பட்டால் நேரத்தோடு எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பிறகு வருவது படிவம் 34ஏ, அந்தச் சாவடியின் குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவை எழுதும் தாள். விடிகாலையிலிருந்து வேலை பார்த்த அலுவலர் விளக்கு வெளிச்சத்தில் அதை நிரப்புகிறார். ஒருவர் வாக்கு அடுத்தவர் வரிசையில் ஏறுவதும், செல்லாதவை செல்லுபடியானவற்றோடு கூடிவிடுவதும் இங்கேதான். அறையில் அறிவித்த எண்ணைத் தனியாக எழுதி வைத்திருந்து, படிவத்தோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். முகவர் கையெழுத்து மறுத்தால் முடிவு செல்லாமல் போகாது, ஆனால் காரணம் பதிவாக வேண்டும். சாவடிக்கு வெளியே ஒட்டும் பிரதியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை எண்ணும் கையெழுத்துகளும் படத்தில் வாசிக்கும்படி இருக்கட்டும்.

இந்த ஒரு தாளுக்கு ஏன் இத்தனை அக்கறை? 2017 ஆகஸ்ட் 8 தேர்தலில் உச்ச நீதிமன்றம் பெரிதும் ஆராய்ந்தது சாவடியில் எண்ணிய விதத்தை அல்ல, முடிவு சாவடியிலிருந்து நைரோபிக்குப் போன வழியை. படிவங்கள் சட்டப்படி அனுப்பப்படவில்லை, சிலவற்றில் பாதுகாப்பு அடையாளங்கள் இல்லை என்று கண்டு, செப்டம்பர் 1 அன்று 4-க்கு 2 என்ற பெரும்பான்மையில் தேர்தலையே ரத்து செய்தது. மலாவியின் 2019 தேர்தலும் அப்படித்தான். முடிவுத் தாள்களில் வெள்ளை மை பூசித் திருத்தியிருந்தது பெரிய சான்றாகி, 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அங்கே திருத்திய எண் எவ்வளவு சரி என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. அடித்து எழுதினால் பழைய எண்ணாவது தெரியும்.

செல்லாத வாக்குகளையும் அலட்சியமாக விடக் கூடாது. குடியரசுத் தலைவராக முதல் சுற்றிலேயே வெல்ல 50 சதவீதத்துக்கு மேல் வேண்டும், 47 மாவட்டங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் குறைந்தது 25 சதவீதமும் வேண்டும். 2013-ல் வென்ற உஹுரு கென்யாட்டா பெற்றது 50.07 சதவீதம். செல்லாத ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு அது. செல்லாதவற்றைச் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பின்னர் சொன்னது. ஒரு சாவடியில் தப்பாக எழுதிய 9 சின்ன எண்தான். 2022-ல் சாவடிகள் 46,000-க்கும் மேல்.

அந்த 2022 தேர்தலில் 34ஏ படங்களைத் தேர்தல் ஆணையம் தன் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி ஏற்றியது. வரவேற்க வேண்டிய மாற்றம். இருந்தாலும் படம் ஏறியதும் வேலை முடிந்துவிடாது. மூலத் தாள் தொகுதி மையத்துக்குப் போய், அங்கே தொகுதியின் சாவடி முடிவுகளைத் தொகுக்கும் படிவம் 34பி-யில் உங்கள் சாவடிக்கென்று ஒரு வரியாகிறது. உங்களிடம் இருக்கும் படம், இணையதளப் படம், 34பி வரி மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சாவடிக் குறியீடு, படிவ வரிசை எண், இரண்டு எண்கள், நீங்கள் பார்த்த நேரம் ஆகியவற்றை எழுதி அன்றே அனுப்புங்கள். குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவை எதிர்த்து வழக்குப் போட, அறிவிப்புக்குப் பின் 7 நாள்தான் இருக்கிறது.