இடித்த வீட்டு உத்தரம் வில்லாகுமா?

திருமங்கலத்து வாசகர் ஒருவர், தம் பூட்டனார் கட்டிய வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த பர்மா தேக்கு உத்தரத்தில் வில் செய்யலாமா, இத்தனை காலம் காய்ந்த மரம் புது மரத்தைவிட உறுதியாகத்தானே இருக்கும் என்று கேட்டிருக்கிறார். இடித்த வீட்டு மரம் ஆகாது என்று வீட்டில் தடுக்கிறார்களாம். மரத்துக்குத் தோஷம் என்று ஒன்று உண்டென்றால், என்னைப் பொறுத்தவரை அது ஆணித்துளைதான்.

வில்லை வளைக்கும்போது இலக்கைப் பார்த்த பக்கமாகிய முதுகு இழுபடுகிறது. நம்மைப் பார்த்த வயிறு அமுங்குகிறது. இது பள்ளிப் பாடம். ஆனால் எவ்வளவு இழுபடுகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 2 செ.மீ. தடிப்புள்ள சட்டத்தை 1 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பகுதியாக வளைத்தால், முதுகு மீட்டருக்கு 1 செ.மீ. நீள்கிறது, வயிறு அதே அளவு குறுகுகிறது. நூற்றுக்கு ஒன்று என்பது பெரும்பாலான மரங்களுக்கு ஏறத்தாழ எல்லைக்கோடு.

மரம் என்பது நெடுக்காக அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு. அமுக்கினால் அக்குழாய்கள் மெல்ல மடங்கும். வயிற்றில் மயிரிழை போன்ற சுருக்கங்கள் தோன்றி வில் தளருமே தவிர, சட்டென்று முறியாது. இழுத்தாலோ, நார் அறுபடாமல் ஓடும்வரை அமுக்கத்தைத் தாங்குவதைவிட ஏறத்தாழ இரு மடங்கு தாங்கும். ஓரிடத்தில் அறுபட்டிருந்தால் அங்கிருந்தே சிம்பு கிளம்பி, நொடியில் வில் இரண்டாகும். ஒற்றை மரத்தில் வில் செய்பவர்கள் ஓர் ஆண்டு வளையத்தை நுனிமுதல் அடிவரை வெட்டுப்படாமல் முதுகாக விட்டுவைப்பது இதனால்தான். ரம்பத்தில் அறுத்த உத்தரத்தில் அப்படி ஒரு வளையம் முழுதாகக் கிடைப்பது அரிது. நார்கள் சாய்வாக அறுபட்டு மேற்பரப்பிலேயே முடிந்துபோகின்றன. துருவேறிக் கறுத்த ஒவ்வொரு ஆணித்துளையும் நார் துண்டான இடம்.

வயதின் குறை அதற்கு அடுத்ததுதான். மரத்தின் செல்லுலோஸ் இழைகளை லிக்னின் என்னும் கெட்டிப்படுத்தும் பொருளோடு பிணைத்து வைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் காலப்போக்கில் சிதைவதால், பழைய மரம் விறைப்பு குறையாமலே நொறுங்கும் தன்மையை அடைகிறது. ஐரோப்பியக் கைவினைஞர்கள் சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கறுத்த ஓக் மரத்தை, வளைவே இல்லாத கைப்பிடியில் அழகுக்காகப் பதிப்பதும் அதை அறிந்துதான்.

அப்படியானால் உத்தரத்தை வயிறாக்கி, முதுகில் மூங்கிலை ஒட்டலாம். புறத்தே வயிரம் (கெட்டியான பகுதி) உள்ளதைப் புல் என்றும் அகத்தே வயிரமுள்ளதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்தது, மூங்கில் புல்லினம். அதன் நார்கள் வெளிப்புறத்தில்தான் நெருங்கிச் செறிந்திருக்கின்றன, அதாவது இழுவிசை மிகும் அதே இடத்தில்! பச்சைத் தோலுக்கு அடியிலுள்ள அந்தப் பகுதியைச் சீவிவிடாமல், உட்புறத்தை மட்டும் இழைத்து 3 மி.மீ. அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தடித்துப்போனால் மூங்கிலின் வலுவே தேக்கின் வயிற்றை நசுக்கிவிடும். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு என்பதால் இழைத்த அன்றே ஒட்டிவிடுவது நல்லது. ஆணித்துளை விழுந்த துண்டைக் கைப்பிடிக்கு வைத்துக்கொள்ளலாம். பூட்டனார் வீட்டு அடையாளமாக அது அங்கே இருந்துவிட்டுப் போகட்டும்.