வீல் நட்டு ஏன் கழல மறுக்கிறது?

பஞ்சரான சக்கரத்தை மாற்றத் தேவையான ஜாக்கி, ஸ்பானர், ஸ்டெப்னி எல்லாம் பெரும்பாலும் காரிலேயே இருக்கின்றன. ஆனாலும் பலருக்கு வேலை முதல் நட்டிலேயே நின்றுவிடுகிறது. கையால் அழுத்தியும் அசையாது, காலால் மிதித்தும் அசையாது. இன்னும் பலம் போட்டால் 'சடக்' என்று ஒரு சத்தம் வரும். அது நட்டு இளகிய சத்தமாக இருக்கலாம், ஸ்பானர் வழுக்கி நட்டின் முனைகள் மழுங்கிய சத்தமாக இருக்கலாம், ஸ்டட் முறிந்த சத்தமாகவும் இருக்கலாம். எது என்பதை அதிர்ஷ்டத்திடம் விட வேண்டியதில்லை. அளவுக்கு மீறி முடுக்கியதால் இறுகிய நட்டு வேறு, துரு ஏறி ஒட்டிக்கொண்ட நட்டு வேறு, முனை மழுங்கி ஸ்பானருக்குப் பிடி கொடுக்காத நட்டு வேறு. மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி அடம்பிடிக்கும். வைத்தியம் மட்டும் தனித்தனி.

முதலில், நன்றாக இருக்கும் நட்டு சக்கரத்தை எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்துவிடலாம். சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் மையப்பாகம் ஹப். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரை போட்ட கம்பிதான் ஸ்டட். நட்டை முடுக்க முடுக்க, ஸ்டட் நீளவாக்கில் இழுபடுகிறது. எஃகுக்கும் ஸ்பிரிங் குணம் உண்டு. இழுத்தால் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்தத் திரும்பும் விசைதான் சக்கரத்தை ஹப்போடு சேர்த்து நசுக்கிப் பிடிக்கிறது. சின்ன கார்களில் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் தடிமன் ஸ்டட் இருக்கும். அதை முடுக்க வேண்டிய முறுக்கு விசை மாடலைப் பொறுத்து ஏறக்குறைய 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை. 100 என்று வைத்துக் கணக்குப் போட்டால், காய்ந்த மரையில் ஒரு ஸ்டட்டின் இழுவிசை சுமார் 42,000 நியூட்டன் வருகிறது. அதாவது நாலு டன்னுக்கும் மேற்பட்ட எடையைத் தொங்கவிட்டது மாதிரி. இத்தனை விசையில் ஸ்டட் நீளுவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்குத்தான். ஓடும் காரின் சக்கரம் கழன்று போகாமல் இருப்பது அந்த முடியளவு நீட்சியால்.

இன்னொரு விஷயமும் தெரிய வேண்டும். நாம் ஸ்பானரில் போடும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கப் போகிறது. ஏறக்குறைய பாதி, நட்டின் அடிப்பகுதி சக்கரத்தோடு உராய்வதில் செலவாகிறது. மீதி மரைக்குள் நடக்கும் உராய்வில் போகிறது. ஆக, நட்டைக் கழற்றுவது என்றால் பெரும்பாலும் உராய்வோடு மல்லுக்கட்டுவதுதான். ஒழுங்காக முடுக்கிய, துருவில்லாத நட்டைக் கழற்ற, முடுக்கியதைவிடக் கொஞ்சம் குறைவான முறுக்கே போதும். மரையின் சரிவு அந்தத் திசையில் நமக்கு உதவுகிறது. அப்படியிருந்தும் நட்டு அசையவில்லை என்றால், ஒன்று அது ஆரம்பத்திலேயே அளவுக்கு மேல் முடுக்கப்பட்டிருக்கிறது, அல்லது அதற்கப்புறம் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது.

முதலாவது, டயர் கடைகளில் காற்றழுத்தத்தால் நட்டை முடுக்கும் ஏர் கன் செய்யும் வேலை. அதன் உள்ளே சுழலும் ஒரு சுத்தியல் நொடிக்குப் பல முறை அடித்து அடித்து முடுக்குகிறது. ஏர் கன்னைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்குக் கையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. நட்டு 100-ல் நிற்கிறதா 300-ல் நிற்கிறதா என்று அவரால் சொல்ல முடியாது. காரோடு வரும் எல் வடிவ ஸ்பானர் 25, 30 சென்டிமீட்டர் நீளம்தான். 30 சென்டிமீட்டர் தூரத்தில் 100 நியூட்டன் மீட்டர் வேண்டுமென்றால் 34 கிலோ எடையளவு அழுத்தம் போதும், யாராலும் முடியும். 65 கிலோ உள்ளவர் அதே ஸ்பானரின் நுனியில் ஏறி நின்றால் 190 வரை போகும். நட்டு 300-ல் இறுகியிருந்தால் அவர் குதித்துத்தான் பார்க்க வேண்டும், குதிக்கும்போது ஸ்பானர் வழுக்கினால் கணுக்கால் போய்விடும். காரோடு வந்த ஸ்பானரால் கார்க்காரரால் கழற்ற முடியாத நட்டு, சரியாக முடுக்கப்படாத நட்டு. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், அதன் விலையை ராத்திரியில் ஆளில்லாத ரோட்டில் தனியாக நிற்பவர்தான் கொடுக்கிறார். கடையில் ஏர் கன்னால் மேலோட்டமாக ஏற்றிவிட்டு, கடைசி முடுக்கை, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால் கையில் போடச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை.

இப்படி வெறும் இறுக்கமாக மட்டும் இருக்கும் நட்டுக்கு நெம்புகோல்தான் வைத்தியம். கைப்பிடி இரண்டு மடங்கு நீளமானால் போட வேண்டிய விசை பாதியாகும். ஸ்பானரின் மேல் ஒரு இரும்புப் பைப்பைச் சொருகலாம். அதைவிட நல்லது, நட்டின் மேல் தொப்பி மாதிரி மாட்டும் சாக்கெட்டோடு கூடிய அரை மீட்டர், முக்கால் மீட்டர் நீளக் கைப்பிடி. கூட்டல் குறி வடிவ ஸ்பானருக்குத் தனிச் சிறப்பு உண்டு. ஒரு கையால் இழுத்து மறுகையால் தள்ளும்போது இரண்டு விசைகளும் ஒன்றையொன்று பக்கவாட்டில் சமன் செய்துவிடும், நட்டுக்குச் சுத்தமான முறுக்கு மட்டும் போய்ச்சேரும். எல் ஸ்பானரில் அப்படி இல்லை. அழுத்த அழுத்த அது சாய்ந்து நட்டின் முனையில் ஏறப் பார்க்கும். அதனால் அதை நட்டில் முழு ஆழத்துக்கும் மாட்டி, கைப்பிடி இடதுபக்கம் கிடையாக இருக்கும்படி வைத்து, கீழ்நோக்கி அழுத்த வேண்டும். நட்டு இடஞ்சுழியாகத் திரும்பும். உங்கள் எடையும் முதுகுக்கு வலிக்காமல் உதவிக்கு வரும். (1960-களின் சில கிரைஸ்லர் கார்களிலும் சில லாரிகளிலும் இடதுபக்கச் சக்கரத்துக்கு மரை தலைகீழாக இருக்கும். அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்டட் நுனியில் எழுத்து ஏதாவது பொறித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.)

இதெல்லாம் சக்கரம் தரையில் இருக்கும்போதே நடக்க வேண்டும். கைபிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, எதிர்ச்சக்கரத்துக்குக் கல் வைத்து, எல்லா நட்டுகளையும் அரைச் சுற்று இளக்கிய பிறகே ஜாக்கி. ஜாக்கியில் நிற்கும் காரில் முக்கால் மீட்டர் கம்பியைப் பிடித்து இழுத்தால் நட்டு கழல்வதற்கு முன்னால் கார் சாய்ந்துவிடும்.

இரண்டாவது வகை, துரு. இரும்பு துருவாகும்போது கனஅளவு குறைந்தது இரண்டு மடங்காகிறது. மரைகளுக்கு இடையே உள்ள இடைவெளியோ மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு. அதற்குள் வீங்க இடமில்லாத துரு, நட்டையும் ஸ்டட்டையும் இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. கடலோர ஊர்களின் உப்புக் காற்றும், வெள்ளத்தில் நின்ற நாட்களும் இதை வேகப்படுத்தும். இங்கே நீளமான பைப் ஆபத்தானது. மரை முழுக்க ஒட்டியிருக்கும்போது நாம் போடும் முறுக்கு உராய்வில் செலவாகாமல் ஸ்டட்டையே பிழியப் போகிறது. 12 மில்லிமீட்டர் கம்பி துண்டாகிவிடும்.

துருவுக்குத் தேவை எண்ணெயும் பொறுமையும். ஊடுருவும் எண்ணெய்கள் வேலை செய்வது நுண்துளைக் கவர்ச்சியால். தண்ணீரின் பரப்பு இழுவிசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இவற்றுக்கு. அதனால் உலோகத்தின் மேல் துளியாக நிற்காமல் பரவி, இடைவெளி குறுகக் குறுக இன்னும் பலமாக உள்ளே இழுபடும். பலர் வீட்டில் வைத்திருக்கும் டபிள்யூடி-40, 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஈரத்தை விரட்டி உலோகத்தைத் துருவிலிருந்து காக்கச் செய்யப்பட்டது. இளசான துருவுக்கு அது போதும். பழைய துருவுக்கு ஊடுருவுவதற்கென்றே விற்கும் எண்ணெய் மேல். எதுவானாலும் அடித்த உடனே ஸ்பானரை எடுக்கக் கூடாது. அந்த இடுக்கில் எண்ணெய் நகர்வது மெதுவாகத்தான். சாயங்காலம் அடித்து, தூங்கப் போகுமுன் இன்னொரு முறை அடித்து, காலையில் தொட்டால் பலன் தெரியும். பிரேக் டிஸ்க்கில் படாமல் துணியால் மறைத்துக்கொள்ள வேண்டும், அது முக்கியம்.

எண்ணெய் எங்கே போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ஸ்டட்டின் நுனி வெளியே தெரியும் திறந்த நட்டு என்றால் மரை வழியாக நேரே இறங்கும். பல கார்களில் இருப்பதோ முன்பக்கம் மூடிய குமிழ் நட்டு. அதன் முகத்தில் எவ்வளவு அடித்தாலும் மரைக்கு ஒரு சொட்டும் போகாது. நட்டு சக்கரத்தில் உட்காரும் ஓரத்தில் வேண்டுமானால் கொஞ்சம் இறங்கும். அந்த வகைக்கு அதிர்ச்சி வைத்தியம்தான் சரி. துரு கடினமானது, ஆனால் நொறுங்கும் இயல்புடையது. சாக்கெட்டை மாட்டி அதன் பின்புறத்தில் சுத்தியலால் நேராக, அளவோடு நாலு தட்டு தட்டினால் துருவில் விரிசல் விழும், எண்ணெய்க்கும் வழி கிடைக்கும். அப்புறம் கழற்றும் திசையில் போகாமல் முதலில் ஒரு நூலளவு முடுக்கிப் பார்க்கலாம். ஒட்டு எந்தத் திசையில் அறுந்தாலும் அறுந்ததுதான். அசைந்துவிட்டது என்றதும் விறுவிறுவென்று சுழற்றிவிடாமல், கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று போக வேண்டும். உதிர்ந்த துருத்தூள் மரையில் சேர்ந்து மறுபடியும் இறுக்கிக்கொள்ளும். பின்னால் திருப்பும்போது அது பொடிந்து விலகும்.

ஒர்க்‌ஷாப்பில் நட்டைச் சூடாக்கிக் கழற்றுவதைப் பார்த்துவிட்டு வீட்டில் கேஸ் டார்ச்சை எடுப்பவர்கள் உண்டு. 12 மில்லிமீட்டர் துளை, 150 டிகிரி சூட்டில் விரிவது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. துருவை உடைக்க அது போதும்தான். ஆனால் பக்கத்திலேயே காற்றடைத்த டயர் இருக்கிறது. ரிம் சூடானால் உள்ளே ரப்பர் சிதைந்து எரியக்கூடிய வாயுவாகி டயர் வெடித்துவிடும். அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வீட்டில் சக்கரத்தின் மேல் நெருப்பு வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது வகைதான் அதிகம் அழவைப்பது. ஆறு பக்க நட்டில் எதிரெதிர் பக்கங்களுக்கு இடையே 19 மில்லிமீட்டர் என்றால், எதிரெதிர் முனைகளுக்கு இடையே ஏறக்குறைய 22. அந்த மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தில்தான் ஸ்பானரின் மொத்தப் பிடியும் இருக்கிறது, ஒரு முனைக்கு ஒன்றரை மில்லிமீட்டர். சாக்கெட் கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் விசை முழுவதும் முனையின் விளிம்பில் ஒரு கோடாகக் குவியும்; எஃகு அங்கே நசுங்கி வழிந்துவிடும். உள்ளே பன்னிரண்டு பள்ளமுள்ள சாக்கெட் மாட்டச் சுலபம், ஆனால் ஒவ்வொரு முனையையும் அது தொடும் பரப்பு குறைவு. வீல் நட்டுக்கு ஆறு பக்க சாக்கெட்தான் சரி. சில கார்களில் பளபளப்புக்காக நட்டின் மேல் மெல்லிய தகடு மூடியிருக்கும். தகட்டுக்கு அடியில் துரு ஏறினால் நட்டே உப்பிவிடும்; 19 சாக்கெட் உள்ளே போகாது, அடுத்த அளவு ஆடும். அந்த ஆட்டத்திலேயே முனைகள் மழுங்கிப்போகும்.

மழுங்கிய நட்டைக் காப்பாற்ற நினைக்கக் கூடாது, அதை இழந்தாவது ஸ்டட்டைக் காப்பாற்ற வேண்டும். ஒரு அளவு சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவது ஒரு வழி. இங்கே மட்டும் பன்னிரண்டு பள்ள சாக்கெட் நல்லது, மழுங்கிய உலோகத்தில் புதிதாகப் பல் வெட்டிக்கொண்டு உட்காரும். பளபளக்கும் குரோம் சாக்கெட்டை அடிக்கக் கூடாது. அது மிகக் கடினமானது, சில்லாகத் தெறிக்கலாம். ஏர் கன்னுக்கென்று வரும் கறுப்பு சாக்கெட் அடி தாங்கும். கண்ணைக் காக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. இதற்கென்றே விற்கும் எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டின் உட்புறம் கழற்றும் திசைக்கேற்பச் சுருள் பற்கள் வெட்டியிருக்கும். அது எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு ஆழமாகக் கடிக்கும், எளிதில் வழுக்காது. திருட்டைத் தடுக்கத் தனிச் சாவி போட்டுக் கழற்றும் லாக் நட்டின் சாவி தொலைந்துவிட்டால் அதற்கும் இதே வழிதான். இதற்கும் மசியாவிட்டால் மேலே ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்புவார்கள். அது ஒர்க்‌ஷாப் வேலை.

ஸ்டட் முறிந்தே போனாலும் கவலை வேண்டாம். அது ஹப்பில் அழுத்திப் பொருத்திய பாகம், பின்பக்கமாகத் தட்டி எடுத்துப் புதிது போடலாம். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா போன்ற கார்களில் ஸ்டட்டுக்குப் பதில் போல்ட் இருப்பதால், முறிந்தால் துண்டு ஹப்புக்குள்ளேயே தங்கிவிடும். துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

திரும்ப மாட்டும்போது, இனிமேல் இறுகக் கூடாது என்று மரையில் தாராளமாக கிரீஸ் தடவத் தோன்றும். தயாரிப்பாளர் கையேடு சொல்லாதவரை தடவக் கூடாது. மேலே பார்த்தோம், முறுக்கில் பெரும்பங்கு உராய்வில் போகிறது. கிரீஸ் அந்த உராய்வைக் குறைத்தால் மிச்சமாகும் முறுக்கு முழுவதும் ஸ்டட்டை இழுக்கப் போய்விடும். அதே 100 நியூட்டன் மீட்டரில் 42,000 நியூட்டனாக இருந்த இழுவிசை 70,000-ஐ நெருங்கலாம். 8.8 என்ற தரத்து 12 மில்லிமீட்டர் ஸ்டட் 56,000 அளவிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கும், அதற்கப்புறம் ஸ்பிரிங் குணம் போய்விடும். மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமாக, காய்ந்த நிலையில் விட்டால் போதும். கிரீஸ் வேண்டிய இடம் ஹப்பின் நடுவிளிம்பு. அலாய் வீலின் அலுமினியமும் ஹப்பின் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் வெள்ளைப் பொடி பூத்து ஒட்டிக்கொள்ளும், நட்டெல்லாம் கழன்ற பிறகும் சக்கரம் வராது. அங்கே மெல்லிய ஒரு பூச்சு அதைத் தடுக்கும்.

நட்டுகளை முதலில் விரலாலேயே ஏற்ற வேண்டும். விரலுக்கு வராத நட்டு மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம். எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, காரை இறக்கியபின் டார்க் ரென்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவர வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை பார்ப்பது அவசியம், புதிதாக உட்கார்ந்த இடங்கள் கொஞ்சம் அமுங்கியிருக்கும். டயர் கடையில் மாட்டி வந்த அன்று, வீட்டு வாசலிலேயே காரோடு வந்த ஸ்பானரால் ஒவ்வொரு நட்டையும் இளக்கிப் பார்த்து, மறுபடி சரியான அளவுக்கு முடுக்கி வைக்கலாம். ஏதாவது ஒன்று வரவில்லை என்றால் மறுநாளே கடைக்குப் போய், அவர்கள் இறுக்கியதை அவர்களையே இளக்கச் சொல்லலாம்.