கூட்டுக்குள் போக மறுக்கும் கோழி

போன மார்கழியில் யாழ்ப்பாணத்து நீர்வேலிப் பக்கம் இருந்து ஓர் ஆச்சி கடகத்துக்குள் கோழியை வைத்து, மேலே பழைய துவாயால் மூடிக் கட்டிக்கொண்டு மிருக வைத்தியரான என்னிடம் வந்தார். ஊர்க்கோழிப் பேடு. பன்னிரண்டு முட்டையில் அடைகிடந்தது, பத்தாம் நாள் எழும்பிப் போய்விட்டதாம்.

“அடை குழம்பிப்போச்சு தம்பி. பின்னேரம் பட்டால் கூட்டுக்குள்ளயும் போகுதில்லை. முருங்கையில ஏறி இருக்குது. கலைச்சுக் கலைச்சு எனக்கு நாரி விட்டுப்போச்சு.”

கூட்டுக்குள் பாம்பு புகுந்திருக்கும் என்று பேரன் இரண்டு நாள் தடியோடு காவல் இருந்திருக்கிறான். பாம்பும் இல்லை, மரநாயும் இல்லை. அப்புறம் பக்கத்து வீட்டார் நாவூறு என்றார்கள். கடைசியில் கோழிக்குப் பேன் என்று யாரோ சொல்ல, கடையில் ஒரு பவுடர் வாங்கிக் கோழிக்குப் பூசியிருக்கிறார்கள். ஒரு கிழமையில் இரண்டு தரம். பலன் இல்லை.

கோழியைத் தூக்கிப் பார்த்தேன். நிறை குறைந்திருந்தது. சிவந்து நிற்கவேண்டிய கொண்டை கழுவின துணிபோல வெளுத்திருந்தது. செட்டையை விரித்து, வாலடியை விலக்கி, இறகின் வேர்வரை தேடினேன். பேன் ஒன்றும் இல்லை. காய்ச்சல் இல்லை, கழிச்சல் இல்லை. பகலில் தேடிப் பேன் இல்லாத, ஆனால் இரத்தம் குறைந்த ஒரு கோழி. இப்படி ஒன்று வந்தால் நான் கோழியைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டைப் பற்றித்தான் கேட்பேன்.

வீடு போகிற வழி என்பதால் அன்று இரவு ஒன்பது மணிபோல அவர் வளவுக்குப் போனேன். பனஞ்சலாகை அடித்த கூடு, மேலே தகரம், மழைச்சாரலுக்குப் பக்கத்தில் கிடுகு. உள்ளே குந்துவதற்குப் பட்டை உரிக்காத பூவரசங் கம்பு ஒன்று. கம்பு உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் பழைய சாரத்துத் துணியைச் சுற்றி நைலோன் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டை அவிழ்த்து ரோச் லைட்டை அடித்தேன். துணிமடிப்புக்குள் சாம்பலும் மிளகுத்தூளும் கலந்து கொட்டினதுபோல ஒரு படை. வெளிச்சம் பட்டதும் அந்தப் படை மெல்ல நகரத் தொடங்கியது. ஒரு வெள்ளைக் கடதாசியை வைத்துத் துணியைத் தட்டி, விழுந்ததை விரலால் தேய்த்தேன். கடதாசியில் சிவப்புக் கோடு.

“உது என்ர கோழியின்ர இரத்தமோ?”

“ஓம் ஆச்சி.”

ஊரில் கோழியில் ஊருகிற எல்லாவற்றுக்கும் கோழிப்பேன் என்றே பெயர். ஆனால் இது பேன் இல்லை. பேன் ஆறு கால் பூச்சி, இரவும் பகலும் கோழியின் உடம்பிலேயே கிடக்கும், பெரும்பாலும் இறகையும் தோல் செதிலையும் தின்னும். இது எட்டுக் கால் சிற்றுண்ணி. தோட்டக்காரர் தென்னையிலும் மிளகாயிலும் கண்டு நொந்த சிற்றுண்ணிக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்தது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் இருக்கும். பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், குடித்தபின் சிவப்பு. அதனால்தான் சிவப்புச் சிற்றுண்ணி என்ற பெயர். டெர்மனிசஸ் கல்லினே என்பது விலங்கியலில் அதன் பெயர்.

இதன் சூட்சுமம் எல்லாம் அதன் குடியிருப்பில்தான் இருக்கிறது. பகலில் கோழியில் இருக்காது. கம்பின் பட்டைக்குள், சலாகைப் பொருத்துக்குள், ஆணித் துவாரத்தில், முட்டைப் பெட்டியின் அடியில், தகரம் மடிந்த இடத்தில் பதுங்கியிருக்கும். இருட்டியதும் வெளியே வந்து கோழியில் ஏறி, அரை மணி, ஒரு மணி நேரம் குடித்துவிட்டுத் திரும்பவும் வெடிப்புக்குள் போய்விடும். முட்டை இடுவதும் அங்கேதான். ஒருமுறை குடித்தால் நாலிலிருந்து எட்டு முட்டை. இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். வெப்பமான இடத்தில் முட்டையிலிருந்து முட்டையிடுகிற நிலைக்கு வர ஏழு நாள் போதும். குளிர்நாடுகளில் பனிக்காலம் முழுக்க இதன் பெருக்கம் மந்தமாகிவிடும். யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு ஓய்வு இதற்குக் கிடையாது. வருடம் முழுக்க இதற்குப் பிடித்த சூடு, அதோடு மாரி வந்து ஈரமும் சேர்ந்தால் கேட்கவேண்டாம்.

சரி, இப்போது அந்தப் பவுடர் ஏன் பலிக்கவில்லை என்பது விளங்கும். பகலில் கோழிக்குப் பூசினால், கள்ளன் இல்லாத வீட்டில் பொலிஸ் தேடுகிற கதைதான்.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லவேண்டும். வெப்ப நாடுகளில் இன்னொரு சிற்றுண்ணியும் உண்டு. அது பகலிலும் கோழியிலேயே இருக்கும். வாலடியில் இறகு கறுத்து, ஊத்தை பிடித்ததுபோல ஒட்டிக் கிடக்கும். கோழியைப் பிடித்த உங்கள் கையிலும் நொடியில் ஏறும். அதற்குக் கோழிக்கும் மருந்து போடவேண்டும், கூட்டையும் பார்க்கவேண்டும். ஆகவே பகலில் ஒரு தரம் வாலடியைப் பாருங்கள், இரவில் ஒரு தரம் கம்பைப் பாருங்கள். இந்த இரண்டு பார்வையும் முடிந்தபிறகுதான் மருந்துக் கதை.

மருந்து என்றதும் எங்கள் ஆட்கள் கை நீட்டுகிற இடம் தோட்டத்துக் கொட்டில். வெங்காயத்துக்கு அடித்து மிஞ்சினது, மிளகாய்க்கு அடித்து மிஞ்சினது எல்லாம் அங்கே ஒரு மூலையில் இருக்கும். ‘சிற்றுண்ணி’ என்று போத்தலில் போட்டிருந்தால் போதும், கூட்டுக்குள் விசிறிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். மிளகாயைக் கழுவிச் சாப்பிடலாம், முட்டைக்குள் போனதைக் கழுவ முடியாது. 2017 இல் ஐரோப்பாவில் நடந்தது இதுதான். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் இதே சிவப்புச் சிற்றுண்ணியை ஒழிக்கக் கோழிப் பண்ணைகளில் பிப்ரோனில் என்ற நஞ்சைப் பாவித்தார்கள். உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்கு அங்கே அனுமதி இல்லாத மருந்து அது. முட்டையில் அது வந்தது கண்டுபிடிக்கப்பட்டு, பல நாடுகளில் கோடிக்கணக்கில் முட்டைகள் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டன. நாய்த்தெள்ளுக்கு அடிக்கிற சில மருந்துகளில் இருப்பதும் இதே பிப்ரோனில்தான். ‘நாய்க்கு வாங்கினது மிச்சம் இருக்கு டொக்டர், கோழிக்கும் கொஞ்சம் அடிக்கலாமோ’ என்று என்னைக் கேட்காத மாதம் இல்லை.

இன்னொன்று எங்கள் மண். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல். மேலே கொஞ்சம் மண், கீழே வெடிப்பும் துவாரமுமான பாறை. வளவில் ஊற்றுகிற எதுவும் வடிந்து போய்ச் சேருகிற இடம் கிணறு. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த பிரச்சினையை மறக்காத சனம் நாங்கள். கூட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் பத்து அடி இருக்கிற வளவில் நஞ்சைக் கரைத்து ஊற்றிக் கழுவுவது யோசிக்கவேண்டிய வேலை.

மண்ணெண்ணெய் பூசுகிற வழக்கமும் இருக்கிறது. சிற்றுண்ணி சாகும், உண்மைதான். ஆனால் கோழியின் காலும் புண்ணாகும். கிடுகும் பனையோலையும் உள்ள கூட்டில், குஞ்சுக்குச் சூடு கொடுக்க பல்ப்பும் எரிந்தால் என்ன நடக்கும் என்பதை நான் ஒரு தரம் கண்டிருக்கிறேன். நாற்பது குஞ்சு. விடிய அங்கே போனபோது எரிந்த இறகு மணம் மட்டும்தான்.

அப்போ என்னதான் செய்வது? கொதிநீர். நான் சொல்லும் முதல் மருந்து அதுதான், ஆச்சிக்கும் அதைத்தான் சொன்னேன். ஓசியில் வைத்தியம் சொல்கிறேன் என்று அவர் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடியது, விசிட்டுக்குக் காசு வாங்கியிருந்தால் நம்பியிருப்பாரோ என்னவோ. இந்தச் சிற்றுண்ணிக்கு 45 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு ஆகாது. கொதிக்கிற நீர் வெடிப்புக்குள் போய் நேரே பட்டால் முட்டையும் சேர்ந்தே வேகும். நஞ்சில்லை, கிணற்றுக்குக் கேடில்லை, முட்டையில் மிச்சம் தங்காது.

காலையில் கோழிகளை வெளியே விட்டதும் தொடங்கவேண்டும். குந்துகம்பு, முட்டைப் பெட்டி, கழற்றக்கூடிய சலாகை எல்லாவற்றையும் கழற்றி முற்றத்தில் போடுங்கள். கீழே கிடக்கும் உமி, வைக்கோல், எச்சம் எல்லாவற்றையும் சாக்கில் வாரி அன்றே எரியுங்கள். பசளைக்கு ஆகும் என்று வாழையடியில் கொட்டினால், அந்த வாழைக்குக் கீழேயே கிளறப்போகிற கோழியில் திரும்ப ஏறும். பொருத்துக்குள் இருப்பதைக் கம்பித் தூரிகையால் கிளறி எடுத்து, பொருத்துப் பொருத்தாகக் கொதிநீர் ஊற்றுங்கள். மேலால் தெளித்துவிட்டுப் போனால் நனைந்த மரம்தான் மிச்சம். துணிச் சுற்று, பழஞ்சாக்கு, கயிற்று முடிச்சு இவை ஒன்றையும் காப்பாற்ற நினைக்காமல் அடுப்புக்குள் போடுங்கள். கொதிநீர்க் கேத்திலோடு சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சித்திரை, வைகாசி வெயில் என்றால் வேலை பாதி. கழற்றின பலகைகளைக் கறுப்புப் பொலித்தீனால் இறுக்கி மூடி நடுப்பகல் வெயிலில் போட்டால் வெயிலே அவிக்கும். மார்கழியில் அது நடக்காது.

பட்டையோடு இருந்த பூவரசங் கம்பை எரிக்கச் சொன்னபோதுதான் ஆச்சிக்குக் கொஞ்சம் மனவருத்தம். அது அவர் கணவர் வெட்டி வைத்த கம்பாம். பட்டையை உரித்து, சீவி, கொதிநீரில் ஊறவைத்து அதையே திரும்பப் போட்டோம். ஆனால் சுவரில் முட்டாமல். இரண்டு பக்கமும் கால் அடித்துக் குதிரைபோல நிறுத்தி, கால்கள் ஒவ்வொன்றும் ஒரு மீன் ரின்னுக்குள் நிற்க, ரின்னுக்குள் பழைய எண்ணெய். எறும்பு ஏறாமல் இருக்கச் சாப்பாட்டு அலுமாரியின் காலுக்குத் தண்ணீர்ச் சிரட்டை வைப்போமே, அதே யோசனைதான். சுவரிலிருந்து இரவில் புறப்படுகிற சிற்றுண்ணிக்குக் கோழியிடம் போகப் பாலம் இருக்கக்கூடாது. கோழியின் வாலும் செட்டையும் சுவரில் படாத அளவுக்குத் தள்ளி வையுங்கள்.

கூடு காய்ந்ததும் வெடிப்புகளைச் சுண்ணாம்பு அடித்து அடைக்கலாம். விறகடுப்புச் சாம்பலை அரித்து, நன்றாகக் காய்ந்த சாம்பலாகப் பொருத்துகளில் திணிக்கலாம். ஒரு பழைய ரயருக்குள் மணலும் சாம்பலும் கலந்து வைத்தால் கோழி தானே புழுதி குளிக்கும். எங்கள் அம்மம்மாமார் செய்தது வீண் வேலை அல்ல. நுண்ணிய தூள் சிற்றுண்ணியின் உடம்பில் ஒட்டி அதை உலர்த்திக் கொல்லும். ஆனால் நனைந்த சாம்பல் காரமாகிக் கோழியின் பாதத்தை எரிக்கும், ஆகையால் மழை அடிக்கிற கூட்டுக்குச் சாம்பல் போடாதீர்கள். வேப்பெண்ணெயும் உதவும். கம்பின் அடிப்பக்கத்திலும் பொருத்திலும் பூசுங்கள், அது மட்டும் போதும் என்று மற்ற வேலையை விட்டுவிடாதீர்கள்.

எல்லாரும் பிழைவிடும் இடம் இதற்கு அடுத்தது. ஒரு தரம் செய்துவிட்டு, இரண்டு நாள் கோழி நிம்மதியாகக் குந்துவதைப் பார்த்துவிட்டு, முடிந்தது என்று கேத்திலைக் கவிழ்த்துவிடுவார்கள். நீர் போகாத ஒரு வெடிப்பில் தப்பின முட்டைகள் அதற்குள் பொரித்துவிடும். ஐந்தாம் ஆறாம் நாள், அவை வளர்ந்து திரும்ப முட்டையிட முன்னர், இரண்டாம் தரம். அடுத்த கிழமை மூன்றாம் தரம். கூட்டைக் கொஞ்ச நாள் வெறுமையாகப் பூட்டிவைத்தால் பட்டினியில் சாகாதா என்று கேட்பார்கள். குளிர்ந்த இடங்களில் இது மாதக்கணக்கில் சாப்பாடில்லாமல் கிடக்கும். எங்கள் வெக்கையில் அவ்வளவு தாங்காதுதான், ஆனாலும் இரண்டு மூன்று கிழமைப் பூட்டை நம்பிப் புதுக் குஞ்சு இறக்கவேண்டாம்.

ஐம்பது, நூறு முட்டைக்கோழி உள்ளவர்களுக்குக் கொதிநீரால் மட்டும் சமாளிக்க முடியாது. அவர்கள் மிருக வைத்தியரிடம் கேட்டு, கோழிக்கென்று அனுமதி உள்ள மருந்தை, அந்த மருந்துக்கு முட்டையை எத்தனை நாள் விற்கக்கூடாது என்பதையும் கேட்டுப் பாவிக்கவேண்டும். பாவித்த முட்டைத் தட்டுகளைக் கடையிலிருந்து திரும்ப வாங்குவது, பழைய கூடு விலைக்கு வாங்குவது, சந்தையில் வாங்கின கோழியை அன்றே மற்றவற்றோடு அடைப்பது, இப்படித்தான் அநேகமாக வந்து சேருகிறது. கூரையில் கூடு கட்டும் புறா, மைனாவும் கொண்டுவரும்.

ஆச்சி வீட்டில் இன்னொரு கதையும் இருந்தது. பேரனுக்கு இரவில் கையிலும் கழுத்திலும் கடி, சொறி என்று களிம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். கூடு அவன் படுக்கிற அறை ஜன்னலுக்குக் கீழே. கோழி முருங்கையில் ஏறிவிட்டதால் பசித்த சிற்றுண்ணி பையனைத் தேடிப் போயிருக்கிறது. மனித உடம்பில் அது குடியிருக்காது, பெருகாது, ஆனால் கடிக்கும், அரிக்கும். கூட்டை வேலியோரம் மாற்றச் சொன்னேன்.

கூடு சுத்தமா என்று பார்க்க ஒரு சின்ன வழி. சவர்க்காரப் பெட்டியின் நெளிமட்டையில் விரல் நீளத் துண்டு வெட்டி, கம்பின் அடியில் இரண்டு மூன்று இடத்தில் கட்டுங்கள். சிற்றுண்ணி மிச்சம் இருந்தால் விடிய மட்டையின் நெளிவுக்குள் போய் ஒளியும். இரண்டு நாள் கழித்து அவிழ்த்து வெள்ளைக் கடதாசியில் தட்டிப் பார்த்துவிட்டு மட்டையை எரியுங்கள்.

மூன்றாம் தரம் முடிந்து நான் போனபோது ஆச்சி மட்டைகளை எனக்காகவே அவிழ்க்காமல் வைத்திருந்தார். முதல் இரண்டிலும் ஒன்றும் இல்லை. மூன்றாவதைத் தட்டினேன். இரண்டே இரண்டு புள்ளி, இரண்டும் சாம்பல் நிறம், பசியில். ஆச்சி கண்ணாடியை இறக்கிக் குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய் அடுப்பில் கேத்திலை வைத்தார்.